சாமி குத்தம் வழக்கு

ஆஸ்டின் டவுனில் எங்களுக்குப் பின்தெருவில் ஓர் அம்மாள் உடுக்கை அடித்துக் குறி சொல்லுவாள். என் முதல் குழந்தை செத்துப் பிறந்த பிறகு நான் யாரிடமும் பேசுவதை விட்டிருந்தேன். என் கணவர்தான் அவளிடம் கூட்டிப்போனார். அவள் அங்காளம்மனைப் பாடிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தினாள்.

"புள்ள மூஞ்சியப் பாத்தியா கண்ணு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "காட்டவேயில்லையே!" என்று கத்தினேன். அன்று பொழுது சாயும்வரை அழுதேன். மறுநாள் பேச்சு வந்தது.

சில மாதம் கழித்து அவளைப் போலீஸ் பிடித்தது. சாமி தண்டிக்கும் என்று மிரட்டி ஆட்களை வரவழைக்கிறாளாம். அதற்கு வெள்ளைக்காரன் எழுதிய ஒரு சட்டம் இருந்தது. அவன் போயும் அது போகவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கே வந்தார். "சாமி குத்தம் வரும்னு அவ மிரட்டினா, அதான் போனேன்னு கோர்ட்ல சொல்லும்மா." பிறகு என் கணவரைப் பார்த்தார். "ஃபேக்டரியில இன்னும் பர்மனென்ட் ஆகல இல்ல?"

அவர் போனதும் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொல்லிடேன்" என்றார்.

"நீங்கதானே என்னைக் கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆனால் கோர்ட்டுக்கு என்னோடு வந்தார்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிரே அவள் நின்றிருந்தாள். என்னைத் தெரிந்ததுபோலவே காட்டிக்கொள்ளவில்லை.

"இந்தம்மா உன்னை மிரட்டினாளா?" சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"இல்லீங்க."

"பயப்படாம சொல்லு. மிரட்டினாளா இல்லியா?"

"மிரட்டினது அவங்க இல்லீங்க. அது வீட்டுக்கு வந்த வேற ஆளு."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்தினார். "யாரு?"

இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்தபடி நின்றார். அப்போது பின்வரிசையில் என் கணவர் எழுந்தார்.

"சார், இவளை அந்தம்மாகிட்ட கூட்டிட்டுப் போனது நான். எங்களை யாரும் மிரட்டிக் கூப்பிடல. வீட்டுக்கு வந்து மிரட்டினது இந்த இன்ஸ்பெக்டர்."

உட்காரச் சொல்லி அதட்டினார்கள். அவர் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மிரட்டல் வழக்கு தள்ளுபடியானது. ஆனால் தெருவில் சத்தம் போட்டதாக அபராதம் விதித்தார்கள். போலீஸ் பறித்துப்போன உடுக்கையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபத்தில் அவள் கை சுட்டது.

ஃபேக்டரியில் என் கணவரை நிரந்தரமாக்காமலே அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. பிறகு ஓர் அச்சகத்தில் சேர்ந்தார். அந்த நாளைப் பற்றி யாராவது கேட்டால், "அவ ஆரம்பிச்சா, நான் முடிச்சேன்" என்பார்.