பாத்தியா, கேட்டியா?

“அதெல்லாம் கெடக்கட்டும். நீ பாத்தியா, கேட்டியா?” என்று மடிக்கணினியைப் பார்த்து அதட்டுகிறாள் பிரீனா. திரையில் இருக்கும் ஏஐ உதவியாளர், தான் பார்க்கவில்லை, ஊகித்ததுதான் என்று ஒப்புக்கொள்கிறது. “அப்பிடி வா வழிக்கு” என்று சொல்லிவிட்டுப் பாலில்லாத கட்டன்சாயாவில் ஒரு வாய் குடிக்கிறாள். தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில். அதட்டுவது மட்டும் குமரி மாவட்டக் கருங்கல் ஊர்த் தமிழில், வாய்விட்டு. சந்தைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, அனீஷ் பாவம் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அவள் கணவன் அனீஷ் அந்த நேரம் தன் கடையில் இருப்பான்.

எழுதியவர் யாரென்று தெரியாத மென்பொருளைப் பிரித்துப் போட்டு, அது உண்மையில் என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது பிரீனாவின் தொழில். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்கிறாள். பிரிப்பதற்கென்று ஒரு கருவி உண்டு. அது மென்பொருளை ஆயிரக்கணக்கான துண்டுகளாக்கிக் கொடுக்கும். எந்தத் துண்டுக்கும் பெயர் கிடையாது, வெறும் எண்தான். எது எதைக் கூப்பிடுகிறது, கூப்பிட்டு எதை மாற்றுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். அந்தக் கருவியோடு ஏஐ உதவியாளரைப் பிரீனா இணைத்துவிட்டாள். இடையில் ஓடும் சின்ன நிரலை அவளே எழுதினாள். “எனக்க பாலம்” என்றுதான் சொல்வாள். பெருமையை ஒளித்து வைக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. இப்போது உதவியாளரே கருவிக்குள் போய், துண்டுகளைப் புரட்டி, பெயரும் எழுதி வைத்துவிடுகிறது.

வேலை வேகமாகிவிட்டதே தவிர நம்பிக்கை கூடவில்லை. அனீஷின் சம்பந்தம் வந்தபோது தரகர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவன் ஊருக்கே போய், சாயாக்கடையில் உட்கார்ந்து தானே விசாரித்தவள் இவள். ‘பையன் நல்லவன், கொஞ்சம் சோம்பேறி’ என்று கடைக்காரர் சொல்ல, இரண்டாவதாகச் சொன்னது மெய்தானா என்று காலையில் அவன் எழுந்திருக்கும் நேரத்தையும் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தாளாம். அப்படிப்பட்டவளும் ஒருமுறை ஏமாந்தாள்.

கீரிப்பாறைப் பக்கம் சிறு தோட்டக்காரர்கள் கூடி நடத்தும் ரப்பர் பால் கொள்முதல் நிலையம் ஒன்று. அங்கே எடை பார்ப்பவர் சத்தியபாய், பிரீனாவின் பெரியம்மா மகள். புதிய மின்னணு எடைக்கருவி வந்த பிறகு சிலருக்குப் பால் குறைந்தது. வீட்டில் தூக்கிப் பார்த்த எடை அங்கே வரவில்லை. எல்லாருக்கும் குறைந்திருந்தால் கருவிமேல் பழி போயிருக்கும். சிலருக்கு மட்டும் குறைந்ததால் பழி சத்தியபாய்மேல் விழுந்தது. வேண்டியவர்களுக்கு ஒரு எடை, வேண்டாதவர்களுக்கு ஒரு எடை என்றார்கள். சங்கத் தலைவர் சுயம்புராஜ் பொதுவாகத் தங்கமான மனிதர். அவருக்கே அதிகம் குறைந்ததால் அவரும் அதைத்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் சத்தியபாயை நீக்குவதென்று பேச்சு. அன்றுமுதல் சத்தியபாய் கருவியைவிட்டுத் தள்ளி நின்று, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் எண்ணை வாசித்தார்.

எடைக்கருவியோடு வந்த பென்டிரைவில் அதன் நிரல் இருந்தது. எடைக்கருவியின் முத்திரையை உடைக்க வேண்டியிருக்கவில்லை. சங்கத்தாரிடம் கேட்டு வாங்கிவந்து, பிரீனா தன் பிரிக்கும் கருவியில் போட்டாள். காலையில் உதவியாளர் துண்டுகளுக்கெல்லாம் பெயர் வைத்தது. மத்தியானம் புதிதாகப் பேச்சைத் தொடங்கி, “எடையைக் குறைக்கிற துண்டு ஏதாவது உண்டா?” என்று கேட்டாள். பழைய பேச்சு அதற்கு நினைவில் நிற்காது. ஒன்றுமில்லை, சந்தேகத்துக்குரிய ஒரே துண்டும் எண்கள் துள்ளாமல் அடக்குவதற்குத்தான், அதன் பெயரே ‘துள்ளல் அடக்கி’ என்று திடமாகச் சொன்னது. பிரீனாவும் தலையாட்டி மூடிவைத்துவிட்டாள். அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலைதான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மரியஜான் வந்து கையைப் பிடித்தாள். சத்தியபாய்க்கு அடுத்த வீட்டிலிருந்து கருங்கலுக்கு வாழ்க்கைப்பட்டவள்.

“ஒனக்க அக்கா எடை பாக்கும்போ காலால தட்டை அமுக்குகாளாமே?”

“பாத்தியா, கேட்டியா?”

“கேட்டதுதான். எனக்க மதினி சொன்னா.”

“அவளுக்கு ஆரு சொன்னா?”

மரியஜான் யோசித்தாள். முகம் மெல்லச் சுருங்கியது. “நான்தான் முந்தின வாரம் போனுல சொன்னேன், ஒருவேள காலால அமுக்குகாளோண்ணு. அவ அத அப்பிடியே எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கா, சவம்.”

பிரீனா சிரிக்கவில்லை. கோபப்படவும் நேரமில்லை. ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி வீட்டுக்கு விரைந்தாள். ‘துள்ளல் அடக்கி’ என்று பெயர் வைத்தது யார்? அன்று காலையில் இதே உதவியாளர், வெறும் ஊகத்தில் வைத்தது. மத்தியானம் அது தன் ஊகத்தையே எழுத்தில் பார்த்து, யாரோ உறுதி செய்துவிட்டதாக நம்பிவிட்டது. மரியஜானுக்கும் அதற்கும் எள்ளளவும் வித்தியாசமில்லை!

“ஏலே, ஒனக்க வாயிலேருந்து போனது ஒனக்க காதுக்கே வந்திருக்கு. நானும் கூட இருந்து தலையாட்டியிருக்கேன்” என்று தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே எல்லாப் பெயர்களையும் அழித்தாள். பாலத்தையும் திருத்தினாள். இனி உதவியாளர் ஊகித்து வைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘விசாரிக்கணும்’ என்ற அடையாளம் தானாக ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பார்த்த மனிதர் மட்டுமே அதை எடுக்கலாம். பிறகு அந்தத் துண்டு என்னவென்று கேட்காமல், யார் அதைக் கூப்பிடுகிறார்கள், அது எதை மாற்றுகிறது என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வந்த பதில் வேறு. சுழியிலிருந்து, அதாவது பூஜ்யத்திலிருந்து, எடை மிக மெதுவாக ஏறினால், தூசியோ ஈரமோ படிகிறது என்று கருதி, எண்ணை மறுபடி சுழிக்கே இறக்கிவிடும் துண்டு அது. எடைக்கருவிகளில் வழக்கமாக இருப்பதுதான். இதில் எவ்வளவு மெதுவானால் இறக்குவது என்ற வரம்பை அளவில்லாமல் தாராளமாக வைத்திருந்தார்கள்.

மெதுவாக! பிரீனாவின் காதில் அக்காவின் குரல் கேட்டது. “பைய ஊத்துங்க, நொரை வரும்.” வருகிறவர்களிடமெல்லாம் சத்தியபாய் சொல்வது அது. அந்தப் பேச்சைக் கேட்டு, சல்லடை வழியாக நூல்போலப் பாலை ஊற்றத் தொடங்கியவர்களுக்கு, ஊற்று வேகம் பிடிக்கும்வரை விழுந்த பால் கணக்கில் வராமல் குறைந்தது. கேட்காமல் மடமடவென்று கவிழ்த்தவர்களுக்குச் சரியாக நின்றது. சொன்ன சொல் கேட்டு நடப்பதில் சுயம்புராஜை மிஞ்ச ஆளில்லை.

மறுநாள் காலை, பால் கொண்டுவந்த எல்லாரும் பார்க்க, பிரீனா அவரையே ஊற்றச் சொன்னாள். அவர் தன் வழக்கப்படி பைய ஊற்றினார். எடைத்தட்டில் இருந்த வாளியின் அடி பாலில் மறைந்தது. எண் சுழியிலேயே நின்றது. அந்தப் பாலையே திரும்ப ஒரே வீச்சில் ஊற்றச் சொன்னாள். எண் சட்டென்று ஏறி நின்றது.

“மாமா, பாத்தியளா, கேட்டியளா?”

சுயம்புராஜ் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். “பாத்தேன் மக்கா. முன்னால நான் சொன்னதெல்லாம் வெறும் கேட்ட பேச்சுதான்.” பிறகு சத்தியபாய் பக்கம் திரும்பி, எல்லார் காதிலும் விழும்படி, “தப்பு எனக்கதுதான், சத்தியபாய்” என்றார்.

நம்மூர்ப் பெண் ஒருத்தி இத்தனை பேர் முன்னால் இப்படி நிமிர்ந்து நின்றதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வேலை முடியவில்லை. கவிழ்த்துப் போட்ட பால் பீப்பாயின்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். திரையில் அந்தத் துண்டின் புதிய பெயர்முன் ‘விசாரிக்கணும்’ இன்னும் இருந்தது.

“அக்கா, இத நீதான் அழிக்கணும்.”

“எனக்குத் தெரியாதுட்டி. எனக்க கையெல்லாம் பாலு.”

“இருக்கட்டும், வா.”

பின்னால் கட்டியிருந்த கைகளைச் சத்தியபாய் மெல்ல அவிழ்த்து முன்னால் கொண்டுவந்தார். எந்த விசை என்று காட்டிக்கொடுத்துவிட்டு, பிரீனா இரண்டடி தள்ளிப் போய், தன் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.