புல்லுக்குத் தலை வாரும் மிஷின்

கடைக்காரர் எதை எடுத்துக் காட்டினாலும் அக்கா “பாத்துச் சொல்றேன்” என்பார். துணிக்கடையிலும் அதே பதில், மகளுக்கு வந்த வரன்களுக்கும் அதே பதில். அதனால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் ‘பாத்துச்சொல்றேன் அக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அக்காவுக்கும் அது தெரியும். பெயர் வைத்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று யாராவது கேட்டிருந்தால், அதையும் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்.

அக்கா செய்தது தோட்டப் பராமரிப்பு. ஒரு பழைய வேன், ஒரு புல்வெட்டி, சில கத்தரிகள், ஒரு கணவர், இவ்வளவுதான் நிறுவனம். கணவர் முன்பு பேருந்து ஓட்டியவர். இப்போது வேன் ஓட்டுவதும், வெட்டிய புல்லை அள்ளுவதும், அள்ளிய பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதும் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர்கள் எல்லோரும் மேட்டுத்தெருப் பெரிய வீட்டுக்காரர்கள். வீட்டுக்கு வீடு புல்தரை. எந்த வீட்டிலும் அதன்மேல் யாரும் கால் வைப்பதில்லை.

அந்த வருடம் மழை கூடுதல். புல்லுக்கடியில் பாசியும் காய்ந்த வேரும் சேர்ந்து பழைய மெத்தை மாதிரி ஆகிவிட்டன. மேலே பச்சை, கீழே பஞ்சு. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நின்றது. இரும்பு வாரியை வைத்துக் கணவர் இரண்டு வீட்டுத் தரையைச் சுரண்டிப் பார்த்தார். மூன்றாவது வீட்டு வாசலில், கல்யாணமான இத்தனை வருடத்தில் முதன்முறையாக, ஒரு கோரிக்கை வைத்தார். இதற்கென்று ஒரு மிஷின் இருக்கிறதாம், வரிசையாகக் கத்தி வைத்துத் தரையைக் கீறி அடியில் இருக்கும் குப்பையை மேலே வாரிப் போடுமாம், ஸ்காரிஃபையர் என்று பெயராம். பெயர் வாயில் நுழையாததால் அக்கா அதைத் தலை வாரும் மிஷின் என்றார்.

ஊரில் அதை விற்றது இரண்டே கடைகள். ஒன்றில் பெட்ரோலில் ஓடும் சிவப்பு மிஷின். இன்னொன்றில் கரண்டில் ஓடும் மஞ்சள் மிஷின். சிவப்புக்கடை விற்பனையாளன் ஒன்றரை மணி நேரம் விளக்கினான். அக்கா வழக்கமான பதிலைச் சொன்னார். அவன் சளைக்காமல், “சந்தேகமே வேணாம்க்கா. நீங்க சொல்ற எடத்துக்கே கொண்டாந்து ஓட்டிக் காட்றேன். காசே வேணாம்” என்றான்.

அந்தக் கடைசி வார்த்தை அக்காவின் காதில் தேனாகப் பாய்ந்தது.

மறுநாளே பல் டாக்டர் வீட்டுத் தரையில் சிவப்பு மிஷின் ஓடியது. மலைபோலக் குப்பை வந்தது. அக்கா சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, கைப்பிடி கொஞ்சம் உயரமோ என்று சந்தேகப்பட்டார். உயரத்தைக் குறைத்துக் காட்ட அவன் மறுபடி வந்தபோது இடம் வேறு, வக்கீல் வீடு. அப்புறம் மஞ்சள்கடைக்காரன் வந்தான். அவனுடைய மிஷினில் குப்பைப்பை சின்னது என்று பட்டது. பெரிய பை மாட்டிக் காட்ட இன்னொரு வீடு. சத்தம் சரிபார்க்க ஒரு வீடு, சரிவில் ஏறுமா என்று பார்க்க ஒரு வீடு. இப்படியே மேட்டுத்தெருவில் பாதி வீட்டுக்குத் தலை வாரி முடிந்தது. வாடிக்கையாளர்களிடம் கூலியும் வாங்கியாயிற்று. கணவருக்குத்தான் கூச்சம். விற்பனையாளர்கள் வியர்வை சொட்ட மிஷினைத் தள்ளும்போது அவர் வேனுக்குள் போய், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை மஞ்சள்கடைக்காரன் குனிந்து பார்த்துவிட்டு, இங்கே ஏற்கெனவே யாரோ கீறியிருக்கிறார்களே என்று கேட்டான். எறும்பு வரிசையாகப் போன தடம் என்றார் அக்கா, கண் இமைக்காமல்.

அக்காவுக்குத் தெரியாத விஷயம், விற்பனையாளர்கள் இருவரும் சகலைகள் என்பது. ஒரே வீட்டில் மூத்தவளைச் சிவப்புக்கடைக்காரனும் இளையவளை மஞ்சள்கடைக்காரனும் கட்டியிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுப் பந்தியில், கைக்கு வந்துவிட்ட ஒரு பெரிய வியாபாரத்தைப் பற்றி மூத்தவன் பெருமையடிக்க, இளையவனும் தன் பங்குக்கு ஒன்றை அவிழ்த்துவிட, இரண்டும் ஒரே அக்கா என்பது குழம்பு பரிமாறும்போது வெளிப்பட்டது. ஏமாந்தோமே என்று இருவரும் சேர்ந்து அக்காவிடம் சண்டைக்குப் போயிருக்கலாம். ஆனால் மாமியார் பரிமாறிக்கொண்டே, “அந்தம்மா யாருகிட்ட வாங்குதோ, அவருதான் கெட்டிக்காரரு” என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அது மிஷின் விவகாரமாக இல்லை.

இருவரும் ஒன்றாக வந்து நின்றார்கள். ஒரே தரை, ஒரே நேரம், அன்றைக்கே முடிவு சொல்லவேண்டும் என்றார்கள். அக்கா ஓய்வுபெற்ற நீதிபதி வீட்டைத் தேர்ந்தெடுத்தார். ஐயா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். இருப்பதிலேயே பெரிய தரையும் அதுதான்.

நடுவில் கயிறு கட்டினார்கள். சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். முதல் சுற்றில் மூத்தவன் குவித்தது அதிகம். இளையவன் கத்தியை ஒரு படி கீழே இறக்கினான். மூத்தவன் இரண்டு படி இறக்கினான். பாசி போய், காய்ந்த வேர் போய், நல்ல வேரும் வர ஆரம்பித்தது. அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னது மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டாலும் நிறுத்துகிற நிலையில் அவர்கள் இல்லை. முடிந்தபோது தரையில் புல் என்று சொல்ல ஒன்றுமில்லை. உழுத வயல் மாதிரி இருந்தது. சகலைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மிஷின்களை ஏற்றிக்கொண்டு, மூச்சுக்காட்டாமல் போய்விட்டார்கள்.

நீதிபதி அன்று மாலையே திரும்பிவிட்டார். மகளோடு ஏதோ மனஸ்தாபமாம். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

“என்னம்மா இது?”

அக்காவின் குரல் நிதானமாகவே வந்தது. “முழு வைத்தியம்யா. மத்த வீட்லல்லாம் மேலோட்டமாத்தான் பண்ணோம். உங்களுக்குன்னு வேர் வரைக்கும் பண்ணியிருக்கு. ஒரு மாசம் பொறுங்க.”

நீதிபதி ஒரு மாதம் வாய்தா கொடுத்தார்.

அந்த ஒரு மாதம் அக்கா பட்டபாடு அவருக்குத்தான் தெரியும். விதை வாங்கினார், சலித்த மண்ணைத் தூவினார், குருவி கொத்தாமல் வலை கட்டினார். விடிந்ததும் விடியாததுமாகப் போய் முழங்காலிட்டு மண்ணை முகர்வதுபோலப் பார்ப்பார். ஒருநாள் காலை ஊசி ஊசியாய்ப் பச்சை தெரிந்தபோது அக்கா அங்கேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

புல் அடர்ந்து வந்தது. பழைய புல்லைவிட நன்றாகவே வந்தது. நீதிபதி தெருவையே கூப்பிட்டுக் காட்டினார். அரைகுறை வைத்தியத்தில் தனக்கு என்றுமே நம்பிக்கை இருந்ததில்லை என்றும், துணிந்து வேர் வரைக்கும் போகச் சொன்னதே தான்தான் என்றும் விளக்கினார். அன்று சாயங்காலமே பல் டாக்டரின் மனைவி அக்காவுக்குப் போன் செய்தார்.

“எங்க வீட்டுல மட்டும் ஏன் மேலாப்புல பண்ணீங்க? நாங்க என்ன காசு கம்மியாவா குடுத்தோம்?”

வக்கீல் வீட்டிலிருந்தும் அதே புகார். மொத்தத் தெருவும் தன் தரையை மொட்டையடிக்கச் சொல்லி வரிசையில் நின்றது. ஆனால் ஓட்டிக் காட்ட எந்தக் கடையும் இனி ஆள் அனுப்பாது. மிஷினை வாங்கியே ஆகவேண்டும்.

எது என்பதுதான் கேள்வி. கயிற்றை என்றைக்கோ அவிழ்த்தாயிற்று. தரையில் சிவப்பின் பக்கம் எது, மஞ்சளின் பக்கம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. அடர்த்தியாக இருந்த மூலையைச் சகலைகள் இருவருமே தன்னுடையது என்றார்கள்.

அக்கா கணவரை அழைத்துக்கொண்டு இரண்டு கடைக்கும் போனார். இந்தத் தடவை எதையும் ஓட்டிக் காட்டச் சொல்லவில்லை. கணவர் சிவப்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அரை அடிகூட எழும்பவில்லை. மஞ்சளைத் தூக்கினார். வேனின் பின்கதவு உயரத்துக்கு அது வந்தது.

“இதுன்னா நான் ஒருத்தனே ஏத்தி எறக்கிடுவேன்,” என்றார்.

கைப்பிடி, பை, சத்தம், சரிவு என்று அவ்வளவு பார்த்த அக்கா, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை அதை யார் தூக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் பார்த்திருக்கவில்லை. மறுபேச்சுப் பேசாமல் மஞ்சளுக்கே பணத்தைக் கட்டினார். மாமியார் வீட்டில் இளையவனுக்கு அந்த வாரம் ராஜ மரியாதை நடந்ததாகக் கேள்வி.

இப்போதும் மேட்டுத்தெருவில் அந்த மிஷின் ஓடுகிறது. கணவர் ஆழத்தை மேல்படியிலேயே வைத்து, அதற்குக் கீழே இறங்காதபடி திருகின்மேல் கம்பி சுற்றியிருக்கிறார். வீட்டுக்காரர்கள் ஜன்னலில் நின்றுகொண்டு, இன்னும் ஆழமாக, நீதிபதி வீட்டுக்குப் போட்ட அளவுக்கு, என்று கேட்பார்கள். அக்கா குனிந்து திருகைத் தொட்டுவிட்டு நிமிர்வார்.

“அதைவிட ஒரு படி கூடவே வச்சிருக்குங்க. உள்ளுக்குள்ள போகுது, வெளிய தெரியாது.”

அவர்கள் திருப்தியாக ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.