அத்தை போட்ட தோசைச் சண்டை

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றில் ஒன்றின் வாசலருகே என் அத்தை டிபன் கடை வைத்திருந்தாள். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். வேலை, தட்டு எடுத்து வைப்பது. சம்பளம், முறுகல் தோசை. அதைவிட நல்ல உத்தியோகம் எனக்கு இன்றுவரை அமையவில்லை.

அந்த வருடம் சாலைக்கு அந்தப் பக்கம் தென்காசிக்காரர் ஒருவர் கடை போட்டார். வந்ததும் வராததுமாகத் தோசை விலையைக் குறைத்தார். அத்தை அவரைவிடக் குறைத்தாள். அவர் இன்னும் குறைத்தார். ஷிப்ட் முடிந்து வரும் பையன்களுக்கு ஒரே கொண்டாட்டம். எனக்கு அதைவிடக் கொண்டாட்டம், ஏனென்றால் எங்கள் தரப்பு ஒற்றன் நான்தான். அவர் பலகையில் விலையை அழித்தால் போதும், ஓடிவந்து சொல்லிவிடுவேன். அத்தையின் முகம்தான் நாளுக்கு நாள் வாடியது.

"இப்டியே போனா உளுந்து வாங்கக்கூடக் கட்டாது. கடைய மூடிட்டு நானும் கம்பெனில பெருக்கத்தான் போவணும்" என்று மாமாவிடம் சொன்னாள்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாகக் கடை வாசலில் நின்று கத்த ஆரம்பித்தாள்.

"எதிர்க்கடைல இன்னா வெலையோ, அதான் இங்கயும்! கூடவும் கெடயாது, கொறச்சலும் கெடயாது!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பலமாகக் கைதட்டினேன்.

அன்று மத்தியானம் அவர் மறுபடி குறைத்தார். பலகையை அவர் எழுதி முடிப்பதற்குள் அத்தையும் குறைத்துவிட்டாள். ஒரு ஆள்கூடச் சாலையைத் தாண்டவில்லை. அவர் இடுப்பில் கைவைத்து எங்களையே பார்த்தார்.

"என்ன தாயி, விட மாட்டிய போலுக்கே?"

"வுடமாட்டேன் அண்ணாச்சி!"

சாயங்காலம் அவர் சண்டைக்கு முன்பிருந்த பழைய விலையையே எழுதினார். அத்தையும் உடனே ஏற்றினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அத்தே, அவரு ஏத்துனா ஏத்தட்டும். நாம ஏத்தாம இருந்தா எல்லாரும் இங்கதான வருவாங்க?"

"போடி, போய்த் தட்ட எடு" என்று சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

அதன்பிறகு விலை அசையவேயில்லை. இரண்டு கடையிலும் கூட்டம். விலையோடு சேர்ந்து மெலிந்திருந்த தோசையும் பழைய கனத்துக்கு வந்தது. விடுமுறை முடியும் சமயத்தில் எதிர்க்கடையிலிருந்து அல்வா வந்தது. எதிரியின் அல்வாவைத் தொடமாட்டேன் என்று வீம்பாக இருந்தேன். மாமா பாதியைக் காலி செய்ததும் என் கொள்கையைத் தளர்த்திக்கொண்டேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில் இதற்கு ஆட்டக் கோட்பாடு, அதாவது கேம் தியரி என்று பெயர் சொல்லி, திரையில் படம் போட்டு விளக்குகிறார்கள். எனக்கு அத்தையின் குரல்தான் கேட்கிறது. சாலையில் ஈ காக்கை இல்லாத நேரத்தில் அவள் யாருக்காக அப்படிக் கத்தினாள் என்று அப்போது நான் யோசிக்கவேயில்லை. கேட்க வேண்டியவர் ஒரே ஒருவர்தான், எதிரே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். சண்டைக்குக் கூப்பிடுகிறாள் என்று நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அத்தையோ ஊரைக் கூட்டும் குரலில் அவரிடம் சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள்.