பத்திரமாக இருக்கிறது

‘பத்திரமாக இருக்கிறது’ என்றால் சரியாக என்ன பொருள்? பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் கஸ்டமர் கேரில் வேலை பார்க்கிறேன். அந்த வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே நான்தான். இன்னும் தெரியவில்லை.

எக்ஸ்சேஞ்சை ஹேக் செய்துவிட்டார்கள். வித்ட்ராயல் நின்றது. ‘ஹேக்’ என்று சொல்லக் கூடாது, ‘பாதுகாப்பு நிகழ்வு’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றார் சென்னை மேனேஜர். அப்படியே சொன்னேன். “என்னங்க நிகழ்வு, காதுகுத்தா?” என்று கேட்டார் ஒருவர்.

போனில் சொல்வதற்காக அடுத்து வந்த ஆங்கில ஸ்கிரிப்ட்டைத் தமிழாக்கும்போதுதான் ‘உங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது’ என்று எழுதினேன். ஆண்டிமடத்து முந்திரி வியாபாரி ஒருவர், மகளின் நர்சிங் படிப்புக்கான பணத்தைப் போட்டிருந்தவர், பொறுமையாகக் கேட்டார்.

“சரி தங்கச்சி. அந்தப் பத்திரத்த வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க.”

“அந்தப் பத்திரம் இல்லண்ணே. சேஃபா இருக்குன்னு அர்த்தம்.”

“சேஃபா இருந்தா எடுத்துக் குடுங்க. இல்லன்னா பத்திரம் குடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

பயந்துகொண்டே மேனேஜரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. தங்க நிற பார்டர் போட்டு, ‘நம்பிக்கைப் பத்திரம்’ என்று எல்லோருக்கும் பிடிஎஃப் போனது. ஒருவர் அதை லேமினேட் செய்து பூஜை அறையில் வைத்திருப்பதாகச் சொன்னார். வைக்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்கும் பட்டது.

ஆண்டிமடத்து அண்ணன் மட்டும் முழுதாகப் படித்துவிட்டு அழைத்தார். பேச்சின் நடுவே என் குழந்தை அழுதது. “புள்ளயத் தூக்கிக்கிங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்று காத்திருந்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“சாட்சிக் கையெழுத்து இல்லையே தங்கச்சி. கம்பெனிக்காரன எனக்குத் தெரியாது. உங்களத் தெரியும். நீங்க போட்டுருங்க.”

மேனேஜரிடம் கேட்டேன். “தாராளமா போடும்மா, கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாது” என்றார். எனக்கு ஏதாவது ஆகுமா என்றேன். அப்ரைசலில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர், பேனாவையே ஒளித்து வைத்துவிட்டார்.

நான் கற்றது இதுதான்: போன நம்பிக்கையை மீட்பது என்பது பட்டா மாறுதல். கம்பெனி பேரில் இருந்ததை, போன் எடுக்கிறவள் பேருக்கு மாற்றிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்து அண்ணன் அந்தப் பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார். போடாவிட்டால், பணம் போய்விட்டது என்று அவருக்கு அப்போதே புரிந்துவிடும். போட்டால் நம்பிக்கொண்டே இருப்பார். சாட்சி என்றால் கண்ணால் பார்த்தவர்தானே? அந்தப் பணத்தை நான் பார்த்ததே இல்லை. யாருக்காவது சாட்சிக் கையெழுத்துப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். போடட்டுமா?