கேட் போட்ட ஒற்றையடிப் பாதை

எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று தார் ரோடு. அது கண்மாயைச் சுற்றிக்கொண்டு, வழியில் இருக்கிற எல்லாக் காட்டையும் நலம் விசாரித்துவிட்டுத்தான் போய்ச் சேரும். இன்னொன்று கரிசல் காட்டுக்குள் குறுக்கே போகிற ஒற்றையடிப் பாதை. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிற நாங்கள் எல்லோரும் பாதையில்தான் நடப்போம். கம்பெனி வேன் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும். அப்புறம் யாருக்காகவும் நிற்காது. வேனை விட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

அந்தக் காட்டைச் சிவகாசி அண்ணாச்சி ஒருவர் வாங்கினார். அவருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனி உண்டு, நாங்கள் போகிற கம்பெனி இல்லை. வாங்கிய கையோடு கல் ஊன்றி முள்கம்பி இழுத்துவிட்டார். பாதை உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு பெரிய கேட், மெயின் ரோட்டுப் பக்கம் கொக்கி மட்டும் போட்ட ஒரு சின்னக் கேட். 'தனியார் இடம், உள்ளே வரக் கூடாது' என்று ஒரு போர்டு வேறு. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் முறையிட்டோம். வரைபடத்தில் அப்படி ஒரு பாதையே இல்லை, காடு முழுக்கப் பட்டா நிலம் என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்படியானால் இத்தனை காலம் நாங்கள் எதில் நடந்தோம் என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

என்னைவிட இடிந்துபோனது என் மதினி, அண்ணன் மனைவி. அவளுக்கு முட்டுவலி; வலது கால் மடங்காது. பாதை வழியென்றால் தாங்கித் தாங்கி நடந்து எப்படியோ வேனைப் பிடித்துவிடுவாள். கண்மாயைச் சுற்றிப் போனால் வேனின் புகையைக்கூடப் பார்க்க முடியாது. வேலையை விட்டுவிடு என்று அண்ணன் சொல்லிவிட்டான். அவளுக்கோ விட மனசில்லை. சிரிப்பு, பேச்சு, கூட்டாளி, தன் கையில் நாலு காசு எல்லாமே அவளுக்கு அந்தக் கம்பெனியில்தான். வீட்டில் அடைந்து கிடந்து பகலெல்லாம் உங்க அண்ணன் முகத்தைப் பார்ப்பதற்கு முட்டுவலியே மேல் என்பாள். அண்ணன் முகத்தை நானும் பார்த்து வளர்ந்தவள்தான், மறுத்துப் பேசவில்லை.

கேட்டுக்குக் காவலாக அண்ணாச்சி ஒரு வாட்ச்மேனைப் போட்டார். அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். அந்த மனிதர் அண்ணாச்சியின் கம்பெனி கேட்டிலேயே இருந்து தலை நரைத்தவர். வருகிற ஆளைச் சோதனை போட்டு, தீப்பெட்டியும் செல்போனும் இல்லையென்றால், மருந்தில் உரசிப் பொறி கிளம்பாமலிருக்கச் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளே விடுவதுதான் அவருக்குத் தெரிந்த காவல். ஆளையே உள்ளே விடாத கேட்டை அவர் கண்டதில்லை.

முதல் நாள் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "தீப்பெட்டி, போன் வச்சிருக்கீகளா?" என்றார். கேட்டையும் காக்கிச் சட்டையையும் கண்டால் எங்கள் கால் தானாகவே செருப்பைக் கழற்றிவிடும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். பையைத் திறந்து காட்டினோம். கம்பெனிக்குப் போன் கொண்டு போகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அவர் தலையாட்டினார், வரிசையாக உள்ளே போனோம். பாதிக் காடு தாண்டிய பிறகுதான் சண்டை போட மறந்தது நினைவுக்கு வந்தது.

மறுநாளும் அதே கதைதான். சாயங்காலம் திரும்பும்போது இன்னும் பெரிய கூத்து. கம்பெனியை விட்டு வெளியே வரும்போது வெடி எதையும் எடுத்து வருகிறோமா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி இவரும் பையைத் துழாவுவார். அந்தக் காட்டில் எடுத்துக்கொண்டு போக வேலிக்கருவேல முள்ளைத் தவிர என்ன இருக்கிறது? நைலான் சேலை கட்டி வந்த ஒருத்தி அவரிடம் திட்டு வாங்கினாள். நைலான் சட்டென்று தீப்பிடிக்குமாம், காட்டன் கட்டினால்தான் உள்ளே வரலாமாம். மறுநாள் அவள் மறக்காமல் காட்டன் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் காலையில் அண்ணாச்சியின் கார் கேட்டில் வந்து நின்றது. நாங்கள் செருப்பும் கையுமாகக் காட்டின் நடுவில் போய்க்கொண்டிருந்தோம். அவர் வாட்ச்மேனை வாங்கு வாங்கென்று வாங்குவது எங்களுக்குக் கேட்டது. வாட்ச்மேனுக்கு எதற்குத் திட்டு என்றே விளங்கவில்லை. "எல்லாரையும் செக் பண்ணிட்டுத்தான் மொதலாளி விட்டேன். ஒருத்தர்கிட்டயும் தீப்பெட்டி இல்ல" என்றார்.

அண்ணாச்சி எங்களை மறிக்க உள்ளே பாய்ந்தார். பழக்கதோஷத்தில் வாட்ச்மேன் கையை நீட்டினார். அண்ணாச்சியும் திட்டிக்கொண்டே செல்போனையும் லைட்டரையும் அந்தக் கையில் வைத்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்ததும் அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. இவரும் நம்ம ஆள்தான் என்று பட்டது.

பாதை வளைந்து போகும். அவர் குறுக்கே வந்தார். அந்தக் காட்டில் முள் இல்லாத இடம் நாங்கள் நடந்து நடந்து தேய்த்த இடம் மட்டும்தான். கொஞ்ச தூரம் வந்தவர், ஆத்தாடி என்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். மதினி மட்டும் தாங்கித் தாங்கி அவரிடம் போனாள். மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தாலியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி உள்ளங்காலில் நோண்ட ஆரம்பித்தாள். அண்ணாச்சியின் முகம் கோணியது.

"ரொம்ப உள்ள போயிருச்சே அண்ணாச்சி" என்றாள் மதினி. "கேட்டப் பூட்டிருவீகளோ?"

"மொதல்ல முள்ள எடும்மா."

"எடுக்கத்தான செய்யுதேன். இந்த முட்ட வச்சுக்கிட்டு என்னால கம்மாயச் சுத்த முடியாது. நீங்க பூட்டுனா என் வேல போச்சு."

மறுபடியும் நோண்டினாள். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். மெயின் ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது. நான் ரோட்டையும் மதினியையும் மாறி மாறிப் பார்த்தேன். மதினியோ, அன்றைக்குப் பூராவும் அதுதான் தன் வேலை என்பது போல நிதானமாக இருந்தாள்.

"பூட்டலம்மா" என்றார் அண்ணாச்சி. "நடந்து தொலைங்க."

"சத்தியமா?"

"சத்தியமா. எடும்மா."

மதினி முள்ளை எடுத்து அவரிடம் காட்டினாள். அவர் எங்கள் பாதையிலேயே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கேட்டுக்குத் திரும்பினார். நாங்கள் மதினியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி, கிளம்பப் போன வேனில் ஏறினோம்.

மூச்சு வாங்கியது அடங்கிய பிறகு, முள் அவ்வளவு ஆழமாகவா ஏறியிருந்தது என்று கேட்டேன். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது மொதக் குத்துலயே வந்துருச்சுட்டி. முள்ள என் வெரலிடுக்குல வச்சுக்கிட்டு, அப்புறம் வெறுங்காலத்தான் நோண்டுனேன்."