மூடுபனி மரங்களும் மாடி ஜன்னலும்

அத்தானின் போட்டோ ஸ்டுடியோவில் எல்லாமே அக்காதான். மாடியிலிருக்கும் கடையை விட்டு நகர முடியாது. மூடுபனி இறங்கும் காலைகளில் எதிரே தெரியும் மரங்களை ஜன்னலுக்கு உள்ளே நின்றுதான் எடுப்பாள். அந்தப் படங்களில் ஒன்றைப் புகைப்படப் போட்டிக்கு அனுப்ப ஆசைப்பட்டாள்.

அத்தான் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"என்ன இது, வெள்ளையடிச்ச சுவர் மாதிரி? கான்ட்ராஸ்ட்டை ஏத்து."

ஏற்றினாள். மரங்கள் கறுத்து எழுந்தன. கூடவே ஜன்னல் கம்பிகளும் மங்கலான கோடுகளாகத் தெரிந்தன.

"அடடா, வெளியே போய் எடுத்திருக்கலாம்ல?"

"எடுத்திருக்கலாம். கடையில யாரு இருப்பா?"

பதில் சொல்ல வேண்டிய நேரத்தில்தான் அத்தானுக்குப் போன் வரும். வந்தது.

அக்கா கான்ட்ராஸ்ட்டைக் குறைத்தாள். கம்பிகள் மறைந்தன, மரங்களும் மறைந்தன. திரும்ப ஏற்றி, கம்பிகளோடேயே அனுப்பிவைத்தாள்.