நீர்மட்டம் கடைசியில்

கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் குழாய்கள் வீங்கச் சில நிமிஷங்கள் போதும். புகைபோக்கியின் வெப்பம் கூடியதை அரை மணி கழித்துத் தெரிந்துகொண்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. நான் எழுதிய புரோகிராமுக்கு அடிப்படை இந்த இரண்டு வாக்கியங்கள்தான். டைரியில் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், தஞ்சாவூர் ரோட்டில் சிறிய கொதிகலன்கள் செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தேன். வயது நாற்பத்திரண்டு. கொதிகலனைக் கண்காணிக்க மைக்ரோபிராசஸர் வைத்த ஒரு போர்டு செய்யும் பொறுப்பு எனக்கும் என் சக ஊழியர் ஒருவருக்கும் வந்தது. நீர்மட்டம், அழுத்தம், சுடர், வெப்பநிலை என்று நான்கு வகை சென்சார்கள். கட்டுப்பாட்டு அறைக்கு அவை செய்தி அனுப்ப இருந்தது ஒரே கம்பி. இரண்டு சென்சார்கள் ஒரே சமயத்தில் பேச வந்தால் யார் முதலில் என்பதைப் புரோகிராமில் உள்ள ஒரு பட்டியல் முடிவு செய்யும். மேலே இருப்பது பேசி முடிக்கும்வரை கீழே இருப்பது காத்திருக்க வேண்டும். நீர்மட்டத்தை முதலில் வைத்தேன். அழுத்தத்துக்குத் தனியாக சேஃப்டி வால்வு உண்டு என்பதால் அது இரண்டாவது. பிறகு சுடர். கடைசியில் வெப்பநிலை.

நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவேன். சக ஊழியர் தென்னூரிலிருந்து அங்கே வந்து நிற்பார். கம்பெனி வேனில் ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர் அவர். வேலையிலும் ஒரு முறை வைத்திருந்தோம். நான் எழுதுவேன், அவர் அதைச் சிப்பில் ஏற்றுவார், நான் திரும்பப் படித்துச் சரிபார்த்து, சின்ன ஸ்டிக்கரில் தேதியும் இன்ஷியலும் எழுதி அதன்மேல் ஒட்டுவேன். ஸ்டிக்கர் இருந்தால் நான் பார்த்துவிட்ட சிப் என்று அர்த்தம்.

பட்டியலை மீட்டிங்கில் காட்டியபோது வெப்பநிலைப் பிரிவின் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கம்பெனி இன்ஜினியர்களில் அவர்தான் எல்லோரையும்விட சீனியர்.

“என்னய்யா, எங்க செக்‌ஷன் கடைசியா? சர்வீஸ்ல முதல்ல சேர்ந்தவன் நானு.”

எல்லோரும் சிரித்தார்கள். நீர்மட்டப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் முந்தைய வருஷம்தான் சேர்ந்தவர், அவர் சிரிக்கவில்லை. நான் காரணத்தை விளக்கினேன். “சரி சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் பெரியவர். பட்டியல் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று அன்று குறித்துக்கொண்டேன்.

சோதனை ஓட்டத்தின் பத்தாவது நாள், காலை ஷிஃப்டில், தண்ணீர் குறைந்து குழாய்கள் வீங்கின. யாருக்கும் காயமில்லை. தண்ணீர் குறைந்தால் பேனலில் மணி அடிக்கும், மணி அடித்தால் ஆபரேட்டர் உடனே பம்ப்பைப் போட வேண்டும். அன்று ஆபரேட்டர் போடவில்லை. மணியே அடிக்கவில்லை என்றார். மறுநாள் கொதிகலனை லேசாக எரியவிட்டுத் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தோம். உடனே அடித்தது. மூன்று நாளில் பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேலைநீக்கம் என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

அவர் துறையூர்ப் பக்கத்துக்காரர். கேன்டீனில் என் எதிரே வந்து நின்றார்.

“சார், நெசமா மணி அடிக்கல. அடிச்சா எனக்குக் கேக்காதா? பேனலுக்குப் பக்கத்துலதான் நின்னேன்.”

“டெஸ்ட்ல அடிச்சுதே.”

“நேத்து அடிச்சுது. அன்னைக்கு அடிக்கல. நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறீங்களா சார்?”

அப்படித்தான் நினைத்தேன். டைரியில் அன்றைய பக்கத்தில், ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்றே எழுதியிருக்கிறேன்.

இருந்தாலும் எதையும் இரண்டு முறை பார்ப்பது என் வழக்கம். மறுநாள் காலை சிப்பைக் கழற்றிப் படித்து, என் நோட்டோடு வரி வரியாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு இடம்தான், அந்தப் பட்டியல்தான், ஒத்துவரவில்லை. வெப்பநிலை, அழுத்தம், சுடர், நீர்மட்டம். இது என்ன வரிசை என்று புரியச் சற்று நேரமாயிற்று. பிரிவுத் தலைவர்களின் சீனியாரிட்டி லிஸ்ட்.

வெப்பநிலைக்கு மட்டும் பதினாறு இடங்களில் சென்சார். உலை நிலையாக எரியாதபோது பதினாறும் விடாமல் பேசும். சோதித்த அன்று உலை அமைதியாக இருந்ததால் நீர்மட்டத்துக்கு முறை வந்தது. விபத்து நடந்த அன்று வரவில்லை.

சிப்பின்மேல் இருந்தது என் ஸ்டிக்கர், என் கையெழுத்து. ஓரம் சுருங்கியிருந்தது. கீழே புதுப் பசை.

அன்று மாலை சத்திரத்தில் இறங்கியதும் சக ஊழியரை டீக்கடை ஓரமாக அழைத்துப் போனேன்.

“பட்டியலை மாத்தினது நீங்கதானே?”

டீயை ஆற்றிக்கொண்டே, “ஆமா சாமி” என்றார். ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். “பெரியவர் கூப்பிட்டுச் சொன்னாரு. விசிட்டர்ஸ் வர்றப்ப அவர் செக்‌ஷன் ரீடிங்தான் டக்கு டக்குனு மாறணுமாம்.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா ஒத்துக்குவீங்களா? டைரியத் தூக்கிக்கிட்டு வருவீங்க.”

“என் ஸ்டிக்கரை ஏன் எடுத்து ஒட்டினீங்க?”

“ஒட்டலேன்னா கண்டுபிடிச்சிருவீங்களே.” என்னைப் பாராட்டுவதுபோலச் சிரித்தார்.

“அந்த ஆளுக்கு வேலை போயிடும்.”

“யூனியன் பாத்துக்கும். நீங்க வாயத் திறந்தீங்கன்னா, அதுல இருக்கறது உங்க கையெழுத்து. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சாமி.”

விசாரணையில் வாயைத் திறந்தேன். மணி அடிக்காமல் போனதற்குக் காரணம் பட்டியல் என்றேன். மாற்றியது யார், மாற்றச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன். சக ஊழியரைக் கூப்பிட்டார்கள். அவர் மேஜையைப் பார்த்தபடி, “ஸ்டிக்கர்ல அவர் கையெழுத்து இருக்கு சார். அவர் குடுத்ததை ஏத்தினேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது” என்றார். பெரியவர், தான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்றார். மீட்டிங் அன்று குறித்ததைக் காட்ட நான் டைரியை நீட்டினேன். மேனேஜர் புரட்டிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் நிறுத்தி, ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று உரக்கப் படித்தார்.

“இதுவும் நீங்க எழுதினதுதானே?”

ஆம் என்றேன்.

உலையின் தீயை ஏற்றி இறக்கி மறுபடி சோதித்தார்கள். தண்ணீர் குறைந்து வெகு நேரம் கழித்துத்தான் மணி அடித்தது. ஆபரேட்டரின் மெமோவை ரத்து செய்தார்கள். பட்டியல் என் பிழை என்று பதிவாயிற்று. என்னை ஸ்டோர்ஸுக்கு மாற்றி, போர்டைச் சக ஊழியரிடமே ஒப்படைத்தார்கள். அவர் நீர்மட்டத்தை மறுபடி முதலில் வைத்ததாகக் கேள்விப்பட்டேன். இந்த முறை பெரியவர் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஆபரேட்டர் ஸ்டோர்ஸுக்கு வந்து கவுன்டரில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

“சமயபுரம் போயிட்டு வந்தேன் சார். குங்குமம். வீட்ல அம்மாகிட்ட குடுங்க.”

வாங்கிக்கொண்டேன். அவர் போகாமல் நின்றார்.

“உங்க தப்பை நீங்களே போய்ச் சொன்னீங்களே, அதை யாரு சார் செய்வா. எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல.”

“அது என் தப்பு...” என்று ஆரம்பித்தேன்.

“விடுங்க சார், எல்லாருக்கும் வர்றதுதான். உங்க சிநேகிதர்தான் சொன்னாரு. சாமி மனசொடிஞ்சு கெடக்காரு, போய் ஒரு வார்த்தை ஆறுதலா சொல்லிட்டு வான்னாரு. நல்ல மனுஷன் சார் அவரு.”

டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.